ஐந்து மணித் தம்ளர்

எங்கள் வீட்டில் கழிப்பறை ஒன்றுதான். தென்காசியில் மூன்று படுக்கையறை வைத்து வீடு கட்டிய என் மாமனார், இரண்டாவது கழிப்பறைக்கு இடம் விடவில்லை. அவர் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காலை ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரை அது அவருடையது. பேப்பரோடு உள்ளே போவார். அதன் பிறகு என் கணவர். அவருக்குச் செங்கோட்டையில் ஒரு பள்ளியில் வேலை, ஏழே காலுக்குக் கிளம்ப வேண்டும். அடுத்து அத்தை, அதாவது என் மாமியார். கடைசியில் நான். இந்த வரிசையை யாரும் எழுதி ஒட்டவில்லை. யாரும் மீறியதும் இல்லை.

எனக்கு மூன்று நாளைக்கு ஒரு தரம்தான் போகும். சில வாரங்களில் நான்கு. உள்ளே போனால் முக்கால் மணி நேரம் ஆகும். இது கல்யாணமான முதல் மாதத்திலேயே வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. அத்தை காலையில் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே கேட்பார்: "போனியா?" இல்லை என்பேன். அவர் முன்னறைப் பக்கம் திரும்பி, "இன்னைக்கும் இல்லையாம்" என்பார். மாமா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் "ம்" என்பார். இது தினமும் நடந்தது.

இன்னொரு கேள்வி மாதம் ஒரு முறை. அதை வாய்விட்டுக் கேட்க மாட்டார். குளியலறை அலமாரியில் நான் வைத்திருக்கும் நாப்கின் பாக்கெட்டை எண்ணிப் பார்ப்பார். குறைந்திருந்தால் அன்றைக்கு எனக்குக் காபி தாமதமாக வரும்.

நான்காவது வருடம் தை மாதத்தில் தென்காசியிலேயே ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, தைராய்டு மந்தமாக வேலை செய்கிறது என்றார். மலச்சிக்கல், ஏறிய எடை, கொட்டும் முடி, ஐம்பது அறுபது நாள் தள்ளிப்போகும் மாதவிலக்கு எல்லாமே அதன் வேலைதான். "முதல்ல இதைச் சரி பண்ணுவோம். குழந்தை அப்புறம் தானா வரும்" என்றார். ஒரு மாத்திரை எழுதினார். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. ஒரு மணி நேரத்துக்கு வேறு எதுவும் கூடாது. வயிற்றுக்கு, மலம் இளக்கும் இசப்கோல் உமி எழுதினார், இரவில் ஒரு கரண்டி.

வெளியே வந்ததும் அத்தை சொன்னார்: "நான் சொன்னதைத்தான அவியளும் சொல்லுதாவ. அழுக்கு அடைஞ்ச வயித்துல கரு எப்படித் தங்கும்?"

மாத்திரைக்கான விதி எனக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்கு முன் திருநெல்வேலியில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் இருந்தேன். தென்காசிக்கு வந்த பிறகு வீட்டிலிருந்தபடி அதன் மருத்துவ இணைப்பிதழுக்குப் பக்கங்கள் தயாரித்துக் கொடுத்தேன். தைராய்டு மாத்திரையை எப்படி விழுங்க வேண்டும் என்று ஒரு பெட்டிச் செய்தியே எழுதியிருக்கிறேன். "வேறு எதையும் சேர்த்து உட்கொள்ளக் கூடாது" என்பது அதன் கடைசி வரி.

இசப்கோலை இரவில்தான் குடித்தேன். ஒரு வாரத்தில் வேலை செய்தது. ஆனால் காலை ஐந்தே முக்காலுக்கு வயிறு அழைத்தது. அது மாமாவின் நேரம். முதல் நாள் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. தட்டவில்லை. ஓய்வு பெற்ற ஏட்டு இருக்கும் கழிப்பறைக் கதவை அந்த வீட்டு மருமகள் தட்ட முடியாது. அவர் ஆறேகாலுக்கு வந்தார், என் கணவர் போனார். அவரும் வந்து, அத்தையும் வந்தபோது அழைப்பு நின்றுபோயிருந்தது. மறுபடி மூன்று நாள்.

ஆகவே நேரத்தை மாற்றினேன். இரவு குடிப்பதைக் காலையில் குடித்தால், எல்லோரும் போன பிறகு பத்து மணிக்கு மேல் வயிறு அழைக்கும் என்று கணக்குப் போட்டேன். ஐந்து மணிக்கு மாத்திரைக்காக எப்படியும் எழுந்திருக்கிறேன். தண்ணீர் எப்படியும் குடிக்கிறேன். ஒரு தம்ளர் வெந்நீரில் இசப்கோலைக் கலக்கி, அது கெட்டியாவதற்குள் மாத்திரையை வாயில் போட்டு அதைக் கொண்டே விழுங்கினேன். காபியை மட்டும் ஆறு மணிவரை தொடவில்லை. இட்லி, தோசை, பால், டீ இவைதான் என் கணக்கில் "எதையும்". இசப்கோல் அந்தப் பட்டியலில் இல்லை. வயிற்றில் மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்ய அது போதும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, தைராய்டு மந்தமானால் ஏறும் டி.எஸ்.எச். அளவு குறையவில்லை, கூடியிருந்தது. மருத்துவர் மாத்திரையின் அளவை ஏற்றினார். வயிறு இன்னும் மந்தமானது. நான் இசப்கோலை இரண்டு கரண்டி ஆக்கினேன். அடுத்த பரிசோதனையில் இன்னும் கூடியிருந்தது.

"மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களா?" என்று மருத்துவர் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அத்தை சொன்னார்: "எங்க போடுதா? அடுப்புல பாலை வச்சிட்டு அங்கன போயி கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருவா. எல்லாத்துலயும் மறதி."

மறுநாளிலிருந்து ஐந்து மணிக்கு அத்தையும் எழுந்தார். சமையலறை வாசலில் நின்று, நான் விழுங்கும்வரை பார்த்துவிட்டுப் போனார். ஒரு நாளும் தவறவில்லை. நானும் தவறவில்லை என்பதற்கு அவரே சாட்சி.

ஆனியில் சாரல் விழுந்தது. குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் தென்காசியில் வீடு வைத்திருப்பவர்கள் சொந்தக்காரர்களுக்கு லாட்ஜ் நடத்துகிறவர்கள்தான், வாடகை மட்டும் கிடையாது. அந்த ஆண்டு எங்கள் வீட்டில் பதினான்கு பேர். அத்தையின் தங்கை கோவில்பட்டியிலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்கினார். நான் அவரைச் சின்னத்தை என்று கூப்பிடுவேன். பத்து மணிக்கு மேல் காலியாக இருந்த கழிப்பறைக்கு இப்போது பகல் முழுக்க ஆள் இருந்தது.

ஒரு நாள் பதினொரு மணிக்கு உள்ளே போனேன். இருபது நிமிடம்தான் ஆகியிருக்கும். வெளியே சின்னத்தையின் குரல்.

"யாருட்டி உள்ள? பாயை விரிச்சிப் படுத்துட்டியா?"

"அவதான். அவ போனா அம்புட்டுத்தான்" என்றார் அத்தை.

"ஏட்டி, கக்கூஸுலயே பிள்ளையப் பெத்துட்டுத்தான் வருவியா? அப்படியாவது ஒண்ணைப் பெத்துட்டு வாயேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு விடுமுறை. என் கணவரின் சிரிப்பையும் தனியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது. பிறகு அவரிடம் கேட்டேன். "வெளாட்டுக்குத்தான சொன்னாவ. விடு, சின்னம்மா அப்படித்தான்" என்றார்.

பேதிக்குக் கொடுக்கலாம் என்ற யோசனை சின்னத்தையுடையது. ஞாயிற்றுக்கிழமை விளக்கெண்ணெய். அடுத்த மூன்று நாள் அருவிக் குளியல்.

"வயித்தைக் கழுவிட்டு மூணு நாள் அருவித் தண்ணி உச்சந்தலையில விழணும். சூடு எறங்கிரும். அதுக்கப்புறம் முழுகாம இருக்காளா இல்லையான்னு பாரு" என்று அத்தையிடம் சொன்னார். அவருடைய மகளுக்கு அப்படிச் செய்துதான் கரு நின்றதாம்.

எனக்கு அப்போது மாதவிலக்கு வந்து நாற்பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. வீட்டில் பார்க்கும் சோதனை அட்டை அலமாரியில் இருந்தது. நான் பார்க்கவில்லை. முதல் இரண்டு வருடத்தில் நாற்பது நாள் ஆனாலே பார்த்தேன். எப்போதும் ஒற்றைக் கோடு. என் உடம்பில் நாற்பத்தொன்பது நாள் என்பது செய்தியே அல்ல. வேண்டாம் என்று ஒரு முறை சொன்னேன். காரணம் சொல்லவில்லை. சொல்லும்படி என்னிடம் காரணமும் இல்லை.

அத்தை மூன்று கரண்டி விளக்கெண்ணெயை இஞ்சிச் சாற்றில் விட்டுக் கொடுத்தார். அன்று மட்டும் கழிப்பறை எனக்காக ஒதுக்கப்பட்டது. மாமாகூட எட்டு மணிவரை காத்திருந்தார். பதினோரு முறை போனேன். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் சின்னத்தை கை தட்டினார். சாயங்காலம் அத்தை ரசஞ்சாதம் கரைத்துக் கொடுத்தார். அந்த வீட்டில் என்னால் எல்லோருக்கும் சந்தோஷம் கிடைத்த முதல் நாள் அது.

திங்கள், செவ்வாய் மெயினருவி. புதன்கிழமை அங்கே கூட்டம் அதிகம் என்று ஐந்தருவிக்குப் போனோம். பெண்கள் பக்கம் வரிசை மெதுவாக நகர்ந்தது. ஒரு பெண் போலீஸ் விசில் ஊதி ஐந்து ஐந்து பேராக உள்ளே தள்ளினார். தண்ணீர் முதுகில் விழுந்தபோது அடிவயிற்றில் வலி எடுத்தது. குனிந்தேன். பாறைமேல் ஓடிய தண்ணீர் என் காலைச் சுற்றி மட்டும் சிவப்பாக இருந்தது. பக்கத்தில் நின்ற பெண் முதலில் பார்த்தார்.

"ஏம்மா, தூரமாயிட்டு தண்ணிக்குள்ள நிக்கியே, அறிவு வேண்டாம்? நாங்கள்லாம் இதுல குளிக்க வேண்டாமா?"

பின்னால் நின்றவர்கள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். "யாரு வீட்டுப் பிள்ளை இது? கூட ஆளு வரலையா?" என்று இன்னொரு குரல். அத்தை ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். அவர்களைப் பார்த்து, "மன்னிச்சிக்கோங்கம்மா, அவளுக்குத் தெரியல" என்றார். உடை மாற்றும் இடத்துக்கு வந்ததும் என்னைப் பார்த்தார்.

"இந்த மாசமும் போச்சா?"

சின்னத்தை சமாதானம் சொன்னார். அடைப்பு எடுபட்டால் கெட்ட ரத்தம் வரத்தான் செய்யும், நல்லதுதான் என்றார். எனக்கு ஒரு டீயும் சூடாக மிளகாய் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார்கள்.

வியாழன் முழுக்க வலி. கட்டியாக விழுந்தது. வெள்ளிக்கிழமை காலை அத்தையே ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். ஸ்கேன் எடுக்க என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். அத்தை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"இது மாசவிலக்கு இல்ல. கர்ப்பம் கலைஞ்சிருக்கு. ஏழு வாரம் இருக்கும்" என்றார் மருத்துவர். பிறகு கேட்டார்: "வயித்துக்கு ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"விளக்கெண்ணெய் குடுத்தாங்க. ஞாயிற்றுக்கிழமை."

அவர் ஒன்றும் சொல்லாமல் சிறிது நேரம் எழுதினார். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "குடிச்சிருக்கக் கூடாது. ஆனா அதனாலதான் கலைஞ்சதுன்னு நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் முடியாது. உங்க தைராய்டு இருக்கிற நிலைமையில அபாயம் ஏற்கெனவே கூடுதல். இவ்வளவு மாத்திரைக்கும் அது இறங்கலைங்கறதுதான் எனக்குப் புரியல. மாத்திரையை எப்படிப் போடுறீங்க? அப்படியே சொல்லுங்க, எந்திரிச்சதுல இருந்து."

சொன்னேன். ஐந்து மணி, வெந்நீர், இசப்கோல், மாத்திரை.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டும் ஒரே தம்ளர்லயா? எத்தனை மாசமா?"

"ஆறு மாசமா."

"ராத்திரின்னுதானே எழுதியிருந்தேன்? ஆறு மாசமா பாதி மாத்திரை உள்ளயே சேர்ந்திருக்காதும்மா. நீங்க பத்திரிகைல எழுதுறவங்கதானே?"

இசப்கோலை இரவுக்கு மாற்றச் சொன்னார். மாத்திரைக்கும் அதற்கும் நடுவே குறைந்தது நான்கு மணி நேரம். இரண்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. இதனால்தான் கலைந்தது என்று எதையும் அவர் சொல்லவில்லை. விளக்கெண்ணெய், உடம்பில் சேராத மாத்திரை இரண்டில் எது காரணமாக இருக்க அதிகச் சாத்தியம் என்பது நிமிர்ந்து அவர் பேசிய வரிசையிலேயே இருந்தது.

வெளியே வந்தேன். அத்தை எழுந்தார்.

"என்னம்மா சொன்னாவ?"

"கர்ப்பமாம். ஏழு வாரம். கலைஞ்சிட்டாம்."

அவர் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"வயித்துக்கு என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"விளக்கெண்ணெய் குடுத்தாங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"ஒண்ணும் சொல்லல. எழுதிக்கிட்டாங்க."

இதில் பொய் எதுவும் இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் நடந்தது, நடந்த வரிசையில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததை வெட்டினேன். செய்தியை எங்கே நிறுத்தினால் படிப்பவர் எதை நம்புவார் என்பது என் தொழிலில் எனக்குத் தெரிந்த விஷயம். யோசித்துச் செய்தேனா என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். அத்தையின் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டேதான் வாயை மூடினேன்.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் அத்தையே சொன்னார். மாமா அன்று ஒரு விசாரணை நடத்தினார். நாற்காலியை முன்னறையில் போட்டு உட்கார்ந்து, அத்தையை நிற்க வைத்தார்.

"எத்தனை கரண்டி குடுத்த?"

"மூணு."

"யாரு சொன்னது?"

"தங்கச்சிதான் சொன்னா."

"அவ சொன்னா? கை யாரு கை?"

"என் கை."

சின்னத்தை மறுநாள் காலையிலேயே குடும்பத்தோடு பஸ் ஏறிவிட்டார். அடுத்த சீசனுக்கு அவர் வரவில்லை. மாமா அத்தோடு விடவில்லை. அதன் பிறகு பல மாதம் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்ததும், "ஏளா, இதுல என்ன கலந்த?" என்று கேட்பார். முதலில் கோபமாகக் கேட்டார், பிறகு வேடிக்கையாக. வேடிக்கைதான் நீண்ட நாள் ஓடியது. என் கணவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நிறுத்துங்கள் என்றும் சொல்லவில்லை.

நான் இசப்கோலை இரவுக்கு மாற்றினேன். காரணத்தை யாரும் கேட்கவில்லை. ஐந்தே முக்காலுக்கு வயிறு அழைத்தபோது போய்க் கதவைத் தட்டினேன். மாமா பேப்பரை மடித்துக்கொண்டு வெளியே வந்தார். பிள்ளை கலைந்த மருமகள் தட்டலாம் போலிருக்கிறது. இரண்டாவது மாதம் டி.எஸ்.எச். அளவு பாதியாக இறங்கியது, நான்காவது மாதம் சரியானது. முடி கொட்டுவது நின்றது. மாதவிலக்கு முப்பது முப்பத்திரண்டு நாளில் வந்தது. உள்ளே போனால் ஐந்து நிமிடம்.

"போனியா?" என்று அத்தை அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அலமாரியில் பாக்கெட்டை எண்ணவில்லை. நான்கு வருடமாக நான் விரும்பியது அதுதான். இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று நினைத்ததில்லை.

அவர் மாதக் கார்த்திகை தோறும் விரதம் இருந்து இலஞ்சி முருகன் கோயிலுக்கு நடந்து போக ஆரம்பித்தார். ஒருமுறை என்னையும் கூப்பிட்டார். எனக்கு மட்டும் ஆட்டோ பேசினார், அவர் நடந்து வந்து சேர்ந்தார். சாமி கும்பிட்டுவிட்டு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"நீ வேண்டாம்னுதான் சொன்ன. நான்தாம்மா கேக்கல. தெரிஞ்சிருந்தா குடுப்பனா?"

சொல்லிவிட ஒரு வாக்கியம் போதும். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை அத்தை, தப்பு என் பக்கமும் இருக்கிறது என்று. சொன்னால் நாளைக் காலை மாமா நாற்காலியை முன்னறையில் போடுவார். இந்த முறை நிற்பது நானாக இருப்பேன்.

"விடுங்க அத்தை. நடந்தது நடந்துபோச்சி" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். மன்னிக்கும் இடத்தில் நான் இல்லை என்பது தெரிந்தே மன்னித்தேன். எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

அந்த ஆண்டின் கடைசியில் இரட்டைக் கோடு வந்தது. ஒன்பது மாதமும் அத்தை எனக்குச் சமைக்கவில்லை. காய் நறுக்கிக் கொடுப்பார், அடுப்பு பற்ற வைப்பார், பிறகு ஒதுங்கிக்கொள்வார். "பாலை நீயே காய்ச்சிக்கிடுதியாம்மா?" என்பார். தண்ணீர் கேட்டால்கூடக் குடத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார், மோந்து தர மாட்டார். கடைசி மாதத்தில் எனக்குக் குனிய முடியவில்லை. அப்போதும் தரவில்லை. அது சௌகரியமாக இல்லை. ஆனால் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

பெண் குழந்தை. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் படுத்திருந்தபோது மாமா வந்து பார்த்தார், என் கணவர் தூக்கினார். அத்தை அறை வாசலோடு நின்றார்.

"உள்ள வாங்கம்மா" என்றார் என் கணவர்.

அவர் என்னைப் பார்த்தார். "நான் தொடலாமா?"

"கையைக் கழுவிட்டு வாங்க" என்றேன்.

எல்லோரிடமும் சொல்லும் வார்த்தைதான், நர்ஸும் சொன்னார். அத்தை குழாயடிக்குப் போனார். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. முழங்கைவரை ஈரமாகத் திரும்பி வந்து, துடைக்காமல், காயும்வரை கையை நீட்டியபடி நின்றார். பிறகு பாதத்தை மட்டும் ஒரு விரலால் தொட்டார்.

குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. அவரிடம்தான் அதிகம் ஒட்டிக்கொள்கிறது. அவர் மடியில் தூங்குகிறது, அவர் புடவையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. இதுவரை அவர் தன் கையால் அதற்கு ஒரு வாய் ஊட்டியதில்லை. பசியில் அழுதால் தூக்கிக்கொண்டு, நான் எங்கே இருந்தாலும் தேடி வருகிறார். ஊட்டுங்கள் என்று நான் சொன்னதில்லை.